ஆயாவோட குதிகால்

ரொம்ப நாளா இந்தப் பதிவை எழுதணும்னு நினைச்சு, பாதி எழுதி, அழிச்சு, மறுபடி ஆரம்பிச்சு... இன்னிக்கு எப்படியும் முடிச்சுடறதுன்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும். பொறுத்துக்குங்க.

எங்க ஊர் அனந்தபுரம். காலேஜ்லயும் சரி, ஆபீஸ்லயும் சரி, ஊர் பேரைச் சொன்னதும் "ஓ, கேரளாவா?" என்று கேட்காத ஆளே கிடையாது. இல்லைங்க, அது திருவனந்தபுரம். இது விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சி பக்கம் இருக்கிற சின்ன பேரூராட்சி. பாறை, வெயில், கரும்பு, மல்லாட்டை. (மல்லாட்டைன்னா உங்க ஊர் வேர்க்கடலை.) எங்க ஆயா, அதாவது அப்பாவைப் பெத்தவங்க, அந்த மல்லாட்டைக் கொல்லியிலேயே வாழ்ந்தவங்க. காலில் செருப்பு போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதைக் கவரோட பீரோவுக்கு மேலே வச்சிட்டாங்க. "கல்யாணம் காட்சிக்குப் போட்டுக்கறேன் கண்ணு"ன்னாங்க. கல்யாணத்துக்கும் வெறுங்காலோடதான் போனாங்க :-)

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. வலது குதிகாலுக்கு அடியில் ஒரு கருப்புத் திட்டு. எட்டணா காசை விடக் கொஞ்சம் பெரிசு. ஒரு ஓரம் மட்டும் கருநீலமா, இன்னொரு ஓரம் பழுப்பா, மை கொட்டினா எப்படிப் பரவுமோ அப்படி.

"இன்னா ஆயா இது?"

"ஒண்ணுமில்ல உடு. முள்ளு ஏறி உள்ளயே கருத்துப்போச்சு. எருக்கம்பால் வெச்சிகினு இருக்கேன்."

எங்க பக்கம் சீமைக்கருவேல முள் ஏறாத கால் கிடையாது. அதனால் யாருக்கும் அது பெரிசாத் தோணலை. எனக்கும்தான். ஆனா கையில் போன் இருக்கே, சும்மா இருக்குமா? ஒரு போட்டோ எடுத்தேன். ராத்திரி மொட்டை மாடியில் படுத்துக்கிட்டு கூகுளில் தேடினேன். மெலனோமா என்ற வார்த்தை வந்தது. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வரும் புற்றுநோய். ஒரு நிமிஷம் பக்குன்னு ஆச்சு. படங்களைப் பார்த்தேன். எல்லாமே வெளுத்த தோல், சிவந்த முதுகு, புள்ளி புள்ளியா மச்சம். கீழே ஒரு கணக்கு இருந்தது: அமெரிக்காவில் வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு வெள்ளையர்களுக்கு ஏறக்குறைய 33 பேரில் ஒருத்தர், கருப்பினத்தவருக்கு 1000 பேரில் ஒருத்தர்.

"ஓகே, இது நமக்கு வர்ற நோய் இல்லை" என்று முடிவு பண்ணி போனை வச்சிட்டுத் தூங்கிட்டேன். காலையில் கரும்பு தின்னோம், பஸ் ஏறினேன்.

அந்த ராத்திரி நான் பண்ணின தப்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

மே மாசம் வாக்கில் அது வலிக்க ஆரம்பிச்சிருக்கு. உள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டியிருக்காங்க. கால் ஆணின்னு சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, சீவி எடுத்துட்டு கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. எடுத்த சதை குப்பைக்குப் போச்சு. அதை ஒரு லேபுக்கு அனுப்பியிருந்தா... சரி, விடுங்க. அந்தப் புண் ஆறவே இல்லை. தொட்டாலே ரத்தம் கசியும். ஆகஸ்டில் தொடை இடுக்கில் நெறி கட்டின மாதிரி ஒரு கட்டி. அப்புறம்தான் பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். உடம்பு சரியில்லைன்னா எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு மூணு திசைதான்: முண்டியம்பாக்கம், பாண்டி, கடைசியா அடையாறு.

சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னு சொன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் ஒரே குரலில், "கத்தி வச்சா பரவிடும், வேணாம்"னாங்க. இது நம்ம ஊரில் பெரிய நம்பிக்கை. உண்மை என்னன்னா, அப்படி எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. முத்தின பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறவங்களைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. பத்து நாளில் ரிசல்ட் வந்தது. மெலனோமா. அக்ரல் லென்டிஜினஸ் என்ற வகை. அக்ரல் என்றால் உடம்பின் நுனிகள்: உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடி.

டாக்டரம்மா சின்ன வயசுதான், எனக்கு அக்கா மாதிரி இருப்பாங்க. "மேடம், இது வெள்ளைக்காரங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்டேன். அவங்க கோவப்படலை. "தம்பி, அவங்களுக்கு வர்றது முதுகுல, கால்ல, வெயில் படற இடத்துல. நமக்கு வந்தா இங்கதான் வரும்" என்று ஆயாவோட காலைக் காட்டினாங்க.

அதுக்கப்புறம் ராத்திரி ராத்திரியா நான் படிச்சது கொஞ்ச நஞ்சமில்லை. செமஸ்டருக்குக்கூட அப்படிப் படிச்சதில்லை. அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்றேன்.

வெயிலால் வரும் தோல் புற்றுநோயில் நிறத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வெளுத்த தோலோட பிரிட்டனிலிருந்து போய் ஆஸ்திரேலியா வெயிலில் குடியேறினவங்களுக்கு உலகத்திலேயே அதிகமா மெலனோமா வருது. நம்ம தோலில் இருக்கும் மெலனின் அந்தப் புற ஊதாக் கதிரை நிறையத் தடுத்துடுது. அதனால இந்தியாவில் மெலனோமா லட்சத்தில் ஒருத்தருக்கும் குறைவு. இதுவரைக்கும் நான் அன்னிக்குப் படிச்சது சரிதான்.

ஆனா உள்ளங்காலில் வெயில் படுமா? அங்கே வர்ற வகைக்கும் வெயிலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. மரபணுவில் ஏற்படும் சேதமே வேற மாதிரி இருக்கு. ஆயாவுக்கு வந்த வகைக்கு 1976ல் ரீட் என்ற அமெரிக்க டாக்டர் பேர் வச்சார். 1986 முதல் 2005 வரை அமெரிக்கப் பதிவேடுகளில் இருந்ததை எண்ணிப் பார்த்தப்போ, இந்த வகை பத்து லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 1.8 என்ற கணக்கில் வந்திருக்கு. வெள்ளையர், கருப்பர் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு! வெள்ளையரோட மெலனோமாக்களில் இது 1 சதவீதம்தான். கருப்பினத்தவரில் 36 சதவீதம். ஆசியர்களில் 18 சதவீதம். அதாவது நமக்கு இந்த வகை கூடுதலா வரலை. மத்த வகைகள் நமக்குக் குறைவு, அதனால இது முன்னாடி நிக்குது.

இந்த 1.8ஐ அப்படியே நம்ம தமிழ்நாட்டுக்குப் போட்டுப் பாருங்க. 2011 சென்சஸ்படி 7.2 கோடிப் பேர். வருஷத்துக்கு சுமார் 130 பேர். கணக்குக்காகச் சொல்றேன், அமெரிக்க எண்ணை இங்கே ஒட்டினதுதான். ஆனா அளவு புரியுதில்ல? ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் ஒண்ணு ரெண்டுகூடப் பார்க்காமல் ரிட்டயர் ஆகலாம். கால் ஆணின்னு நினைச்சவங்க மேல எனக்குக் கோவம் குறைஞ்சது இந்தக் கணக்கைப் போட்ட அப்புறம்தான். முழுசாப் போகலை.

பாப் மார்லியைத் தெரியும் இல்லையா? டீ ஷர்ட்டில் எல்லாம் இருப்பாரே, அவர்தான். 1977ல் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இதே நோய். ஃபுட்பால் ஆடுறப்போ பட்ட அடின்னு முதலில் நினைச்சாங்க. விரலை எடுக்கச் சொன்னதுக்கு ஒத்துக்கலை. 1981ல் இறந்தப்போ வயசு 36. எங்க ஆயாவுக்கு முள், அவருக்கு ஃபுட்பால். காலில் எது வந்தாலும் சொல்றதுக்கு ஒரு காரணம் ரெடியா இருக்கு!

இனி, இனம் என்ற விஷயத்துக்கு வர்றேன். 'இந்த நோய் இந்த இனத்துக்குத்தான்' என்பதை யார் எண்ணிப் பார்த்தாங்கன்னு தேடினா, சிங்கப்பூரில் ஒரு தமிழர் வந்து நிக்கிறார். கனகரத்தினம் சண்முகரத்தினம். நோயியல் பேராசிரியர். (2023ல் சிங்கப்பூர் அதிபரான தர்மன் சண்முகரத்தினத்தோட அப்பா. 2018ல் காலமானார்.) சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேட்டை அவர்தான் உருவாக்கினார். 1968லிருந்து அங்கே கணக்கு இருக்கு. சீனர், மலாய்க்காரர், இந்தியர்னு மூணு பேரும் ஒரே சின்னத் தீவில், ஒரே காத்து, ஒரே தண்ணி. ஆனா மூக்குக்குப் பின்னாடி, தொண்டை ஆரம்பிக்கிற இடத்தில் வரும் புற்றுநோய் சீனருக்கு மிக அதிகம், மலாய்க்காரருக்கு நடுவில், இந்தியருக்கு ரொம்பக் குறைவு. சீனர்களிலேயே கான்டனீஸ் பேசுறவங்களுக்கு இன்னும் அதிகம்.

பார்த்தால் ரத்தத்தில் ஊறினது மாதிரித்தானே தெரியுது? மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதோட எப்ஸ்டைன் பார் என்ற வைரஸ் உண்டு. அதுக்கும் மேல, சின்னப் பிள்ளையிலிருந்து அவங்க சாப்பிட்ட சீன முறை உப்பு மீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்த மீனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாவே வகைப்படுத்தியிருக்கு. (நம்ம நெத்திலிக் கருவாட்டைப் பத்தி அப்படிச் சொல்லலை, பயப்படாதீங்க :-)) இந்தியாவுக்குள்ள வந்தா, இங்கே அபூர்வமான இதே நோய் நாகாலாந்திலும் மணிப்பூரிலும் அதிகம். பித்தப்பைப் புற்றுநோய் டெல்லியிலும் கங்கைக்கரையிலும் அதிகம், சென்னையில் அதில் சின்னப் பங்குதான். எல்லாருக்கும் ஒரே ஆதார் கார்டு.

இனத்தோட நோய் மாதிரி தெரிஞ்சு, அப்புறம் பழக்கம்னு வெளியே வந்ததும் இருக்கு. காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள்ள காங்கிரி என்ற கனல் சட்டியைக் கட்டிக்குவாங்க. சூடு பட்டுப் பட்டு வயித்திலும் தொடையிலும் தோல் புற்று. ஆந்திரக் கரையோரம் ஸ்ரீகாகுளம் பக்கம் பெண்கள் சுருட்டோட நெருப்பு முனையை வாய்க்குள்ள வச்சுப் புகைப்பாங்க. அவங்களுக்கு மேலண்ணத்தில் புற்று. வேட்டியை வருஷக்கணக்கா ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி இடுப்பில் வந்த புற்றுக்கு 'வேட்டிப் புற்று'ன்னே டாக்டர்கள் பேர் வச்சிருக்காங்க. இவங்க யாருக்கும் நோய் பொறப்பில் வரலை. சட்டி, சுருட்டு, வேட்டியில் வந்தது.

அப்போ 'இனம்' என்பது என்ன? என் தொழில் பாஷையில் சொன்னா, அது ஒரு குறுக்கு வழி. நிறம், சாப்பாடு, வேலை, பழக்கம், மரபணு, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இது எல்லாத்தையும் ஒரே பெட்டியில் போட்டு மேல ஒரு பேர் ஒட்டினது. எங்கே தேடணும்னு சொல்றதுக்கு உபயோகமான பெட்டிதான். எங்கே தேட வேணாம்னு சொல்றதுக்கு அதை எடுத்தா ஆபத்து. நான் எடுத்தது ரெண்டாவதுக்கு.

நான் அன்னிக்கு மாடியில் கேட்ட கேள்வியே தப்பு. 'ஒரு தமிழ்ப் பொம்பளைக்கு மெலனோமா வர வாய்ப்பு எவ்வளவு?'ன்னு கேட்டேன். ரொம்பக் கம்மின்னு பதில் வந்தது. கேட்டிருக்க வேண்டியது: 'எழுபது வயசு தாண்டினவங்க குதிகாலில் ஓரம் ஒழுங்கில்லாமல் வளர்ற கருப்புத் திட்டு மெலனோமாவா இருக்க வாய்ப்பு எவ்வளவு?' ரெண்டும் வேற வேற கேள்வி. நிகழ்தகவுப் பேப்பரில் தொண்ணூறு மார்க் வாங்கினவன் நான். ஆயா காலைப் பார்க்கிறப்போ அது ஞாபகம் வரலை.

படங்கள் விஷயமும் அப்படித்தான். மச்சத்தை போட்டோ எடுத்தா கம்ப்யூட்டரே சொல்லும் என்ற புரோகிராம்கள் இப்போ நிறைய. அதைப் பழக்குறதுக்கு உலகமெல்லாம் எடுத்துக்கிற ஒரு பிரபலமான படத்தொகுப்பு 2018ல் வெளியானது. பத்தாயிரத்துச் சொச்சம் படங்கள், ஆஸ்திரியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சேர்த்தது. அதில் அனந்தபுரத்துக் குதிகாலுக்கு எங்கே போறது? கூகுளில் எனக்கு ஏன் சிவந்த முதுகுகளே வந்ததுன்னு அப்போ புரிஞ்சது. மாத்தி யோசிச்சவங்க ஜப்பான்காரங்க. அவங்களுக்கு மெலனோமாவில் இந்த உள்ளங்கால் வகைதான் அதிகம். உள்ளங்கால் தோலில் கைரேகை மாதிரி வரப்பும் வாய்க்காலும் இருக்கு இல்லையா, சாதா மச்சத்தின் கருப்பு வாய்க்காலில் நிக்கும், மெலனோமாவின் கருப்பு வரப்பில் ஏறும் என்று லென்ஸ் வச்சுப் பார்த்து அவங்கதான் சொன்னாங்க. யாருக்கு அதிகம் வருதோ அவங்கதான் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. நம்ம கிட்டயும் எண்ணுறவங்க இருக்காங்க. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சென்னைக்கான பதிவேடு 1982லிருந்து இருக்கு, 2012லிருந்து மாநிலம் முழுசுக்கும் எண்ணுறாங்க. ஆயாவும் எங்கேயோ அதில் ஒரு வரி.

ஆயா கதையை முடிச்சுடறேன். குதிகாலில் அகலமா வெட்டி எடுத்துட்டு தொடைத்தோலை வச்சு ஒட்டினாங்க. இடுப்புக் கட்டியையும் எடுத்தாங்க. வாக்கர் வச்சு வாசல் வரைக்கும் நடந்தாங்க. ஒரு வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் நுரையீரலில் தெரிஞ்சது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற ஊசி இருக்கு, ஒரு ஊசியே லட்சக்கணக்கில், அதுவும் இந்த வகைக்கு மத்ததை விடக் குறைவாத்தான் கேக்கும்னு டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிட்டாங்க. அப்பா கொல்லியை விக்கறேன்னார். நான் லோன் போடறேன்னேன். ஆயா ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "எனக்கு வயசாச்சு. கொல்லியில கை வெச்சீங்கன்னா நான் சோறு துன்ன மாட்டேன்"னாங்க. சொன்னா செய்யற ஆளு. 2024 ஜனவரியில், பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி போயிட்டாங்க.

காரியம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி போனில் அந்த பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். தேதி, நேரத்தோட இருக்கு. அதிலிருந்து ரிசல்ட் வந்த நாள் வரைக்கும் எண்ணிப் பார்த்தா எட்டு மாசம். அந்த எட்டு மாசம் முன்னாடி போயிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு டாக்டரம்மாவைக் கேட்கணும்னு இருந்தேன். கடைசி வரைக்கும் கேட்கலை. அமெரிக்காவிலேயே மெலனோமா வந்து ஐந்து வருஷம் தாண்டுறவங்க வெள்ளையரில் 90 சதவீதத்துக்கு மேல், கருப்பினத்தவரில் 70 சதவீதத்தை ஒட்டி. லேட்டாக் கண்டுபிடிக்கிறது அதில் ஒரு பெரிய காரணம். பதில் அதிலேயே இருக்குன்னு தோணுது.

போட்டோவை நான் அழிக்கலை. செருப்பும் பீரோ மேலேயே இருக்கு.

படிக்கிறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ பெரியவங்க காலைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. உள்ளங்காலில் புதுசா கருப்போ வேற நிறமோ திட்டு, என்னன்னு யாருக்கும் உறுதியாச் சொல்ல முடியாத புண், ரத்தமோ நீரோ கசியறது, வைத்தியம் பார்த்தும் பெரிசாகிறது, ரெண்டு மாசம் தாண்டியும் ஆறாதது. இதில் ரெண்டு சேர்ந்திருந்தா தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. சீவி எடுத்தா, எடுத்ததை லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. கேட்க வெட்கப்படாதீங்க. நகத்தில் கருப்புக் கோடு நம்ம நிறத்துக்கு பல நகத்தில் சாதாரணமா வரும். ஒரே ஒரு நகத்தில் புதுசா வந்து அகலமாகிக்கிட்டே போனாத்தான் காட்டணும். பத்தில் ஒன்பது வெறும் முள்ளாவோ ஆணியாவோதான் இருக்கும். இருக்கட்டும், பஸ் டிக்கெட் காசோட போச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோட் அடிக்கிறவன். மேலே சொன்னதை வச்சு நீங்களே வைத்தியம் பார்த்துக்காதீங்க. கூகுள் பார்த்து முடிவு பண்ணின ஒருத்தன் எழுதினதுதான் இது.